அடையாறு வளர்த்த பிள்ளை – 7: யாருடைய பிள்ளை?

அடையாற்றுக் கடற்கரையில் லெட்பீட்டரின் கண்ணில் பட்ட பையன், இரண்டே ஆண்டுகளில் உலக குருவின் திருமேனியாக அறிவிக்கப்பட்ட கதையைச் சென்ற வாரம் வரை பார்த்தோம். புதிதாகச் சேர்ந்திருக்கும் வாசகர்களுக்காக ஒரு சுருக்கம்.

மதனப்பள்ளியில் 1895-ல் பிறந்தவர் ஜித்து கிருஷ்ணமூர்த்தி. எட்டாவது பிள்ளை என்பதால் கண்ணன் பெயர். பத்து வயதில் தாயை இழந்தார். தந்தை நாராயணய்யா ரெவின்யூ இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பிரம்மஞான சபையின் நெடுநாள் உறுப்பினர். 1909 ஜனவரியில் பிள்ளைகளோடு அடையாறுக்கு வந்து, சபை வளாகத்துக்கு வெளியே பாழடைந்த ஒரு வீட்டில் குடியேறினார். அந்த ஆண்டே கிருஷ்ணாவைக் கடற்கரையில் பார்த்த சபைப் பிரமுகர் லெட்பீட்டர், சுயநலத்தின் சாயலே இல்லாத ஒளிவட்டம் இந்தப் பையனைச் சூழ்ந்திருக்கிறது என்றார். 1910 மார்ச் 6-ம் தேதி, கிருஷ்ணா, தம்பி நித்யா இருவருக்கும் சபைத் தலைவி அன்னி பெசன்ட் அம்மையாரைக் காப்பாளராக்கும் கடிதத்தில் நாராயணய்யா கையெழுத்துப் போட்டார்.

இந்த வாரம் அந்தக் கையெழுத்தின் கதை.

*

1913 மார்ச். மதராஸ் ஐகோர்ட்.

நீதிபதி பேக்வெல் முன் ஒரு பக்கம் நாராயணய்யா. அவருக்காக வாதாட வந்திருப்பவர் சி.பி. ராமசாமி ஐயர். எதிர்ப்பக்கம் அறுபத்தைந்து வயதுப் பெசன்ட் அம்மையார். அவர் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளவில்லை. தன் வழக்கைத் தானே நடத்துகிறார்.

பிள்ளைகள் இருவரும் ஊரிலேயே இல்லை. கடல் கடந்து இங்கிலாந்தில் இருக்கிறார்கள். தந்தையின் ஆட்கள் கடத்திக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயத்தில் அங்கே அவர்களைக் கண்ணும் கருத்துமாகக் காவல் காத்து வந்தார்கள்.

வெளிப்பார்வைக்கு இது ஒரு தந்தை தன் பிள்ளைகளைத் திருப்பிக் கேட்கும் சாதாரண வழக்கு. ஆனால் ஊரே இதைப் பற்றித்தான் பேசியது. பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின. புதுச்சேரியில் இருந்த பாரதியும் ஒதுங்கி நிற்கவில்லை. அம்மையாரைக் குறிவைத்து அவர் எழுதிய அங்கதக் கதை 'பொன்வால் நரி' 1914-ல் ஆங்கிலத்தில் வெளிவந்தது.

இரண்டு பையன்களின் காப்பாளர் உரிமைக்காக இத்தனை கொந்தளிப்பு ஏன்? விடை தெரிய வேண்டுமானால் நான்கு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். அடையாற்றில் ஒரு பிள்ளையை எப்படி வளர்த்தார்கள், எந்தத் தத்துவத்தை நம்பி வளர்த்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

*

பிரம்மஞானிகளுக்குக் குழந்தை என்பது புதிதாகப் பிறந்த உயிர் அல்ல. பல பிறவிகள் கண்ட பழைய ஆன்மா, புது உடம்பில் வந்து இறங்கியிருக்கிறது. பெற்றோர் தருவது உடம்பை மட்டுமே. ஆன்மா அதன் சொந்தக் கணக்கோடு வருகிறது.

மறுபிறவியில் நம்பிக்கையுள்ள நம் வீடுகளுக்கு இது அந்நியமான எண்ணமில்லை. ஆனால் லெட்பீட்டர் இதன் மேல் ஒரு வளர்ப்பு முறையையே கட்டினார். குழந்தைகளோடு பெரியவர்கள் எப்படிப் பழக வேண்டும் என்று 1890-களிலேயே எழுதியவர் அவர். பிறக்கும்போது குழந்தையின் சூட்சும உடல் ஏறக்குறைய நிறமற்று இருக்கும், நல்லதும் கெட்டதும் வித்தாக மட்டுமே உள்ளே கிடக்கும் என்பது அவர் கொள்கை. எந்த வித்து முளைக்கும் என்பதைச் சுற்றியிருப்பவர்களின் எண்ணங்கள் முடிவு செய்கின்றன. கோபமாகப் பார்த்தால் கோபத்தின் வித்து முளைக்கும், அன்பாக நினைத்தால் அன்பின் வித்து. ஆகையால் குழந்தையை அடிக்கக் கூடாது, பயமுறுத்தக் கூடாது.

பிரம்பு இல்லாமல் பள்ளிக்கூடமே இல்லை என்றிருந்த காலத்தில் சொல்லப்பட்ட பேச்சு இது என்பதை நினைவில் வையுங்கள். கிருஷ்ணாவும் மயிலாப்பூர்ப் பள்ளியில் அன்றாடம் அடி வாங்கியவர்தான். பாடம் மண்டையில் ஏறவில்லை என்று அடித்தார்கள். வீட்டுப் பாடத்தில் அவருக்கு உதவிய எர்னஸ்ட் வுட் என்ற ஆங்கிலேயரே இவர் மந்தபுத்திக்காரர் என்றுதான் நினைத்திருந்தார். அந்தப் பள்ளியிலிருந்து பையனை மீட்டவர் லெட்பீட்டர். அந்த அளவில் அவருக்குரிய நன்றியை நான் மறுக்க மாட்டேன்.

மீட்ட பிறகு நடந்ததுதான் இந்தத் தொடரின் மையம்.

விடியற்காலை எழுந்து தியானம். பிறகு ஆங்கிலேய முறையில் குளியல். முன்தலை மழித்துப் பின்குடுமி வைத்திருந்த பையனுக்கு முடி வளர்க்கச் சொன்னார்கள். வளர்ந்ததும் நடு வகிடு எடுத்துச் சீவினார்கள். சைக்கிள், டென்னிஸ், நீச்சல். பாடங்களுக்குத் தனித்தனி ஆசிரியர்கள். பேச்சு முழுவதும் ஆங்கிலத்தில்.

இதெல்லாம் உடம்புக்கு. உள்ளத்துக்கு நடந்த பயிற்சி இரவில் தொடங்கும்.

பையன் தூங்கியதும் அவனுடைய சூட்சும உடலைத் தான் பிரம்மஞானிகள் குருவாக நம்பிய குத்தூமி மகாத்மாவின், இமயத்துக்கு அப்பால் உள்ள இல்லத்துக்கு அழைத்துப் போவதாக லெட்பீட்டர் சொன்னார். அங்கே மகாத்மா கால் மணி நேரம் உபதேசம் செய்வார். காலையில் எழுந்ததும் பையன் தனக்கு நினைவிருப்பதை எழுத வேண்டும். அப்படி எழுதியதைத் திருத்தித் தொகுத்ததுதான் 1910 டிசம்பரில் வெளிவந்த 'குருவின் பாதங்களில்' என்ற சிறு நூல். விவேகம், வைராக்கியம், நன்னடத்தை, அன்பு என்று அதில் நான்கு தகுதிகள் பேசப்படுகின்றன. வேதாந்தத்தின் சாதன சதுஷ்டயம்தான் அது. ஒரே ஒரு மாற்றம்: விடுதலை வேட்கையான முமுக்ஷுத்துவம் இருக்க வேண்டிய இடத்தில் அன்பை வைத்திருந்தார்கள். நூலின் முன்னுரையிலேயே இவை என் வார்த்தைகள் அல்ல, என் குருவினுடையவை என்று ஆசிரியர் சொல்லிவிடுகிறார்.

பதினைந்து வயதில் எழுதிய முதல் புத்தகம். அதில் தன் சொல் ஒன்றுகூட இல்லை என்பதே முதல் அறிவிப்பு.

இங்கேதான் இந்தத் தத்துவத்தின் முடிச்சு விழுகிறது. ஒவ்வொரு ஆன்மாவும் தனி, அதன் பாதை தனி, யாரும் யாருக்கும் உடைமையல்ல என்று அது தொடங்குகிறது. ஆனால் அந்தத் தனி ஆன்மா செல்ல வேண்டிய உச்சமோ தன் விருப்பத்தைக் குருவின் விருப்பத்தில் கரைத்துவிடுவது. வளர்ந்த ஒருவர் வாழ்ந்து, தேடி, சலித்து, இந்தச் சரணாகதிக்கு வருவது ஒன்று. தனக்கென்று ஒரு விருப்பம் இன்னும் முளைக்காத பிள்ளையிடம் அதை ஒப்படைத்துவிடு என்று கேட்பது வேறு. எதை ஒப்படைப்பது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

சீடனாகச் சோதித்துப் பார்க்கும் நிலைக்கு 1909 ஆகஸ்ட் 1-ல் கிருஷ்ணா சேர்க்கப்பட்டார். அந்த நிலையில் உள்ள சீடனின் உயிர்ப் பிரதிமை ஒன்றை மகாத்மா செய்து தன் வீட்டில் வைத்திருப்பார் என்பது லெட்பீட்டரின் போதனை. சீடன் கோபப்பட்டாலும் சோர்ந்தாலும் அந்தப் பிரதிமையில் தெரியும். தினமும் அதைப் பார்த்து அவர் தேர்ச்சியை அளப்பார். யோசித்துப் பாருங்கள். ஒரு சிறுவன் தனிமையில் நினைக்கும் நினைப்புக்கூட எங்கோ ஒருவர் பார்வையில் இருக்கிறது என்று அவனுக்குச் சொல்லப்படுகிறது.

*

ஒரு சம்பவத்தை இங்கே நின்று பார்க்க வேண்டும்.

கிருஷ்ணாவுக்கு ஒரு பழக்கம். பாடம் கேட்கும்போது வாய் தானாகத் திறந்துகொள்ளும். மூடு என்று லெட்பீட்டர் பல தடவை சொல்லிவிட்டார். பையன் மூடுவான், மறந்துவிடுவான், வாய் மறுபடி திறந்துகொள்ளும். ஒருநாள் லெட்பீட்டர் பொறுமை இழந்தார். கையை ஓங்கிப் பையனின் மோவாயில் அறைந்தார். வாய் மூடிக்கொண்டது.

அதோடு தங்களுக்குள் இருந்த உறவு முடிந்துபோயிற்று என்று பின்னாளில் கிருஷ்ணமூர்த்தி சொல்லியிருக்கிறார்.

மயிலாப்பூர் வாத்தியார் தினமும் அடித்தபோது எதுவும் முடியவில்லை. அங்கே எதுவும் தொடங்கியிருக்கவுமில்லை. அடிக்கக் கூடாது என்று எழுதிய கை ஒருமுறை அடித்ததும் ஒரு பிள்ளை மனத்துக்குள் ஒரு கதவை மூடிக்கொண்டான். மகாத்மாவின் பிரதிமையில் அது தெரிந்ததா என்று யாரும் எழுதி வைக்கவில்லை. என்னைக் கேட்டால் கிருஷ்ணமூர்த்தியின் சொந்த விருப்பம் முதன்முதலாகத் தலைகாட்டிய இடம் அதுதான்.

அம்மையாரோடு இருந்த உறவு அப்படிப்பட்டதல்ல. 1909 டிசம்பரில் எழுதிய கடிதத்தில், உங்களை அம்மா என்று அழைக்கலாமா, எனக்கு நேசிக்க வேறு தாய் இல்லையே என்று கிருஷ்ணா கேட்டிருந்தார். அன்றிலிருந்து கடைசிவரை அவருக்குப் பெசன்ட் 'அம்மா'தான்.

*

நாராயணய்யாவுக்கு வருவோம்.

அவர் பல காலம் வாய் திறக்கவில்லை. ஆனால் மனத்தில் உறுத்தல் சேர்ந்துகொண்டே இருந்தது. பெரிய உறுத்தல் லெட்பீட்டர். சிறுவர்களுக்கு அவர் சொல்லிக் கொடுத்த பாலியல் அறிவுரைகள் பற்றி எழுந்த புகாரால் 1906-ல் சபையை விட்டு விலக நேர்ந்தவர் அவர். பிறகு அம்மையாரின் ஆதரவோடு திரும்பி வந்திருந்தார். பிள்ளைகளை அவரிடமிருந்து விலக்கி வைப்பதாக அம்மையார் வாக்குக் கொடுத்தார், அதை மீறிவிட்டார் என்பது தந்தையின் வாதம்.

இன்னொன்று, மகனைத் தெய்வமாக்கியது. 1911 டிசம்பர் 28 அன்று காசியில், உலக குருவை வரவேற்க அமைக்கப்பட்ட நட்சத்திர சங்கத்தின் கூட்டம். உறுப்பினர் சான்றிதழ்களைக் கிருஷ்ணா தன் கையால் கொடுத்துக்கொண்டிருந்தார். வரிசையில் வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக அவர் காலில் விழ ஆரம்பித்தார்கள். படித்தவர்கள், வயதானவர்கள், வெள்ளைக்காரர்கள். பதினாறு வயதுப் பையனின் காலில்.

ஆசாரமான பிராமண வீட்டுத் தந்தை இதை எப்படித் தாங்குவார்? சில வாரங்களிலேயே, வழக்குப் போடுவேன் என்று எச்சரித்தார். அதற்குப் பிறகும் பிள்ளைகளை இங்கிலாந்து அழைத்துப் போக 1912 ஜனவரியில் சம்மதம் கொடுத்தார். அவர்கள் கப்பலேறினார்கள். அந்த ஆண்டிலேயே கிருஷ்ணாவுக்கு இரண்டாம் தீட்சை நடந்தது. நடந்த இடம் சிசிலித் தீவின் தாவோர்மினா. அங்கே உடனிருந்தவர் லெட்பீட்டர்.

தந்தை தன் கையெழுத்தை ரத்து செய்தார். பிள்ளைகளைத் திருப்பித் தரச் சொன்னார். அம்மையார் மறுத்தார். அடையாறு அப்போது செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது என்பதால் வழக்கு முதலில் செங்கல்பட்டு ஜில்லா கோர்ட்டில் பதிவாகி, பிறகு ஐகோர்ட்டுக்கு மாற்றப்பட்டது.

நாராயணய்யாவை ஏமாளி என்றும், மற்றவர் தூண்டுதலில் ஆடியவர் என்றும் சபைத் தரப்பு எழுதியது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வறுமையில், தாயில்லாப் பிள்ளைகளுக்குப் படிப்பு கிடைக்கட்டும் என்று கையெழுத்துப் போட்ட தந்தை அவர். அவருக்கு மனவளர்ச்சி குன்றிய ஒரு கடைசிப் பிள்ளையும் இருந்தான். அவன் எந்த ஞானியின் கண்ணிலும் படவில்லை. அவனைக் கேட்டு யாரும் வழக்காடவும் இல்லை. அவன் அப்பாவிடமே இருந்தான்.

*

கோர்ட்டில் தனியாக நின்று வாதாடிய பெசன்ட் அம்மையாருக்கு இது முதல் அனுபவம் அல்ல.

1878. லண்டன். கருத்தடை பற்றிய சிறு நூலை வெளியிட்ட குற்றத்துக்காக முந்தைய ஆண்டுதான் அவரும் சார்லஸ் பிராட்லாவும் விசாரிக்கப்பட்டிருந்தார்கள். பாதிரியாரான கணவர் ஃபிராங்க் பெசன்ட் அதைக் காரணம் காட்டிக் கோர்ட்டுக்குப் போனார். மகள் மேபலுக்கு எட்டு வயதுகூட நிறையவில்லை. நாத்திகம் பேசும் தாயிடம் பெண் குழந்தை வளரக் கூடாது என்றார்கள். அன்றும் அவர் வழக்கறிஞர் இல்லாமல் தானே நின்று வாதாடினார். நீதிபதி ஜெஸ்ஸல் குழந்தையைத் தாயிடமிருந்து எடுத்துத் தந்தையிடம் கொடுத்தார்.

தன் கொள்கைக்காகப் பெற்ற மகளைப் பறிகொடுத்த பெண், முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, தன் கொள்கைக்காக இன்னொருவர் பெற்ற மகன்களைக் கொடுக்க மறுத்து நிற்கிறார். ஒரு தந்தையின் உரிமை என்ற பெயரில் கோர்ட் என்ன செய்யும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் அந்த அறையில் இல்லை. இந்தப் பின்னணி தெரியாமல் அவருடைய பிடிவாதத்தை எடை போடுவது நியாயமாகாது.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். மேபல் வளர்ந்து பெரியவளானதும் தானாகவே தாயிடம் திரும்பி வந்துவிட்டாள். கோர்ட் உத்தரவால் அவளுடைய விருப்பத்தை மாற்ற முடியவில்லை. அந்த அனுபவத்திலிருந்து அம்மையார் கற்றிருக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. பிள்ளைகளையே கேட்டுவிடலாம் என்று அவர்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

*

1913 ஏப்ரல் 15. பேக்வெல் தீர்ப்புச் சொன்னார்.

லெட்பீட்டர் மேல் தந்தை சாட்டிய மிகக் கடுமையான குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை. அதனால் செலவுத்தொகை நாராயணய்யாவின் தலையில். ஆனால் லெட்பீட்டரின் கருத்துகள் ஒழுக்கக்கேடானவை, சிறுவர்களோடு பழக அவர் தகுதியற்றவர் என்று நீதிபதி எழுதினார். மே 26-க்குள் பிள்ளைகளைத் தந்தையிடம் ஒப்படைக்க வேண்டும்.

அந்த மே மாதத்தில் கிருஷ்ணாவுக்குப் பதினெட்டு வயது நிறைய இருந்தது.

அம்மையார் மேல்முறையீடு செய்தார். அக்டோபரில் அதுவும் தள்ளுபடி. இனி மிச்சம் லண்டனில் உள்ள பிரிவி கவுன்சில். வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் சோர்ந்திருப்பார்கள். அவர் அங்கேயும் போனார்.

1914 மே மாதம் பிரிவி கவுன்சில் ஐகோர்ட்டின் தீர்ப்பை ரத்து செய்தது.

தந்தையின் உரிமையை அது குறைத்துப் பேசவில்லை. காப்பாளர் பொறுப்பு என்பது தந்தையிடம் உள்ள புனிதமான நம்பிக்கைப் பொறுப்பு, உயிரோடு இருக்கும்போது அதை அவர் இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது, வளர்ப்பையும் படிப்பையும் ஒப்படைக்கலாம், ஆனால் அந்த ஒப்படைப்பைத் திரும்பப் பெறலாம் என்று அது சொன்னது. இந்தியாவில் குழந்தைக் காப்பு வழக்குகளில் இந்தத் தீர்ப்பு பல காலம் மேற்கோள் காட்டப்பட்டது.

அப்படியானால் நாராயணய்யா எங்கே தோற்றார்? பிள்ளைகள் குடியிருந்தது இங்கிலாந்தில். செங்கல்பட்டு ஜில்லா கோர்ட்டுக்கு இந்த வழக்கை எடுக்கும் அதிகாரமே இல்லை. அடுத்த காரணம்தான் முக்கியமானது. இரண்டு பிள்ளைகள் சார்பாகவும் கோர்ட்டில் யாரும் ஆஜராகவில்லை. அவர்கள் எங்கே இருக்க விரும்புகிறார்கள் என்பதை எந்தக் கோர்ட்டும் விசாரித்து அறியவில்லை. அதை அறியாமல் அவர்களைக் கப்பலேற்று என்று உத்தரவு போட்டிருக்கக் கூடாது.

தத்துவம் பேசாத சட்டப் புத்தகத்துக்கு இது தோன்றியது. ஆன்மாவின் சுதந்திரம் பற்றி நூறு புத்தகம் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. பெற்ற தந்தைக்கும் தோன்றவில்லை. இந்த வழக்கின் ஆகப் பெரிய துயரமாக நான் கருதுவது இதைத்தான்.

*

கிருஷ்ணாவும் நித்யாவும் இங்கிலாந்திலேயே தங்கினார்கள். நாராயணய்யா வெறுங்கையோடு நின்றார். அம்மையார் ஜெயித்தார். அவரைக் கோர்ட்டில் எதிர்த்து வாதாடிய சி.பி. ராமசாமி ஐயர் சில ஆண்டுகளில் அவருடைய ஹோம் ரூல் இயக்கத்தில் அவருக்குத் துணையாக நின்றார்.

ஆனால் சட்டம் எழுப்பிய கேள்வி தீரவில்லை. பத்தொன்பது வயது இளைஞரைக் கூப்பிட்டு உன் விருப்பம் என்ன என்று கேட்டால், அவர் சொல்லும் பதில் யாருடையது? ஐந்து ஆண்டுகளாக அவர் உணவும் உடையும் மொழியும் கனவும் பிறர் தேர்ந்தெடுத்தவை. மோவாயில் விழுந்த அடிக்குப் பிறகு மூடிக்கொண்ட அந்தக் கதவுக்குப் பின்னால் வேறொரு விருப்பம் வளர்ந்துகொண்டிருந்ததா?

அதைச் சோதிக்கும் முதல் சந்தர்ப்பம் விரைவிலேயே வந்தது. பிள்ளைகள் ஆக்ஸ்போர்டில் படிக்க வேண்டும், இந்தியாவுக்கு அனுப்பினால் அந்தப் படிப்பு கெட்டுப்போகும் என்பது அம்மையாரின் வாதங்களில் ஒன்று. அதே ஆக்ஸ்போர்டின் கதவை கிருஷ்ணா தட்டியபோது அங்கே என்ன பதில் கிடைத்தது?

அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)